விமானத்துக்குள் ஒரு பூண்டுக் கட்டு

கொடைக்கானல் மலைமேல், கவுஞ்சியில் முருகம்மாள் பேசிக் கேட்டவர்கள் குறைவு. பூம்பாறையிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில், "பொண்ணு ஊமையா?" என்று பக்கத்து வீட்டார் அவள் புருஷன் திருமலைச்சாமியிடம் நேராகவே கேட்டார்கள். "ஊமையெல்லாம் இல்ல. அவளுக்கும் சேத்து நான் பேசிக்கிறேன், எனக்கும் சேத்து அவ சும்மா இருக்கா. கணக்கு சரியாப் போச்சுல்ல?" என்றார் அவர். திருமலைச்சாமி வாயைத் திறந்தால் கொடைக்கானல் பஸ் வந்து ஆளேற்றித் திரும்பிப் போன பிறகும் மூட மாட்டார்.

முருகம்மாள் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஒருநாள் வாத்தியார் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் தெரிந்தது, குரல்தான் வரவில்லை. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பூண்டு வயலுக்குப் போனாள். அறுவடைக்கு ஆள் போதாத நேரம். ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வாய் செய்யாத வேலையை அவளுக்குக் கண்ணும் கையும் செய்தன. பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டைத் தாளோடு பிடுங்கி, தாளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நாரால் கட்டி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். தாள் காயக் காயச் சுருங்கும். கட்டுத் தளர்வாக இருந்தால் நடுவிலிருந்து ஒரு பூண்டு நழுவும். அதன் பின்னாலேயே கட்டு முழுக்க உதிர்ந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாய் இழுத்து, இடைவெளி இல்லாமல் இறுக்கிக் கட்டுவதுதான் அங்கே பெண்களுக்கு முதல் பாடம். முருகம்மாள் கட்டிய கட்டிலிருந்து ஒரு பல் கூட விழுந்ததில்லை. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் அவள் கட்டைப் பார்த்தே, "இது திருமலைச்சாமி வீட்டுச் சரக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

ஊருக்கு வெளியே, காரட் அடைத்து வைக்கும் பழைய கிட்டங்கிக்கு ஒரு கம்பெனி வந்தபோது, அவள் போனது டீ போடத்தான்.

கம்பெனி செய்தது ராணுவ வேலை. ஆள் ஏறாமல் பறக்கிற விமானத்துக்குள் ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். கீழே யாராவது வாக்கி டாக்கியிலோ வேறு ரேடியோவிலோ பேசினால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பெட்டி கண்டுபிடிக்க வேண்டும். எல்லையில் மலைகள்தான் அதிகம். மலையில் அலை ஒரு பாறையில் பட்டு இன்னொரு பாறைக்குத் தாவி ஆளை ஏமாற்றும். அதனால் சோதனையையும் மலையில் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

ஊரில் அதற்கு 'ஒட்டுக் கேக்குற பிளேனு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது பறக்கும்போது மாமியாரைப் பற்றிப் பேசக்கூடாது என்று குழாயடியில் பெண்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். முருகம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது தெரிந்ததும், "ஒட்டுக் கேக்குற கம்பெனிக்கு வாயத் திறக்காத ஆளத்தான எடுப்பாய்ங்க" என்றாள் ஒருத்தி. குடத்தை இடுப்பில் வைத்தபடி முருகம்மாளும் சிரித்தாள்.

அந்தப் பெட்டியைக் கட்டி மேய்க்கிறவள் சௌம்யா. கொடைக்கானல் டவுனில் பிறந்து கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த பெண். முருகம்மாளைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். ஒருநாள் மேஜையில் கம்பிகள் சிதறிக் கிடந்தபோது, டீ கொண்டுவந்த முருகம்மாள் டம்ளர் வைக்க இடமில்லாமல் நான்கைந்து கம்பிகளைச் சேர்த்து அங்கிருந்த மெழுகு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு ஓரமாக நகர்த்தினாள். சௌம்யா அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். அசையவில்லை.

"அக்கா, இது என்ன முடிச்சு?"

முருகம்மாள் முந்தானையைத் திருகினாள்.

"பூண்டுக் கட்டு மேடம்," என்று வாசலிலிருந்து திருமலைச்சாமி குரல் கொடுத்தார். அவருக்கும் அங்கே சோலி கிடைத்திருந்தது. வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மேட்டிலோ பள்ளத்திலோ போய் ஒளிந்து நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனியில் அவருக்கு 'எதிரி' என்று பெயர். "பேசுறதுக்குச் சம்பளம் குடுக்குறானுகளே! இத்தன வருசமா ஊருக்குச் சும்மால்ல பேசிக்கிட்டுக் கெடந்தேன்!" என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அடுத்த வாரமே முருகம்மாளுக்கு டீயோடு கம்பி கட்டும் வேலையும் சேர்ந்தது. பறக்கும்போது விமானம் நடுங்கும். கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் டேக் சில சமயம் நழுவும், அவள் முடிச்சு நழுவாது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுக்கிற கம்பிகளை அங்கே உட்கார்ந்து கட்டித் தருவாள். அங்கே யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. காலையில் பனி விலகும்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நூலைக் கையில் எடுக்கிற நேரம், பூம்பாறைக் குழந்தை வேலப்பரை நினைத்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள். இப்படி ஒரு இடம் உலகத்தில் தனக்கென்று இருந்திருக்கிறது, அது தன்னைத் தேடிக் கவுஞ்சிக்கே வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

ராணுவ அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம், கிட்டங்கி பரபரத்தது. அவர்களுக்குப் பிடித்தால் வேலை தொடரும். பிடிக்காவிட்டால் கவுஞ்சி முகாமை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சௌம்யா மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

புது விமானத்துக்குள் கம்பிகளை ஓட்டிப் பொருத்தியவன் ஆனந்த். பழனி அடிவாரத்தில் அவன் அப்பா பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்து வந்தவன், நல்ல கை, கொஞ்சம் அவசரக்காரன். போன மாதம் ஒரு ஆண்டெனாவைக் கீழே போட்டு உடைத்திருந்தான். முகாம் தலைவர் சுவாமிநாதன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்றே அவனிடம், "இன்னொரு தடவ இப்பிடி நடந்தா, பழனி பஸ்ஸுக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருவேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஆனந்த் எல்லாம் முடித்துவிட்டு, "அக்கா, வெளியில மட்டும் தொடச்சு மூடிய மாட்டிருங்க. நான் வெரசா சாப்பிட்டு வந்துர்றேன்" என்று போனான். அவள் துணியோடு குனிந்து உள்ளே பார்த்தாள். மோட்டாருக்குப் போகிற தடித்த சிவப்புக் கம்பி ஒரு ஓரமாகவும், இறக்கையிலிருந்து வருகிற மெல்லிய கறுப்பு ஆண்டெனாக் கம்பி எதிர் ஓரமாகவும், மற்றவை ஒரு பக்கமாகவும் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. சீவாத தலைபோல இருந்தது. பெரிய அதிகாரிகள் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பிள்ளை பாவம், பசி அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மறுபடியும் திட்டு வாங்குவான்.

அவள் நூலை எடுத்தாள். எல்லாக் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்தாள், இடைவெளி இல்லாமல் இறுக்கினாள், சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டாள். மேலே கறுப்புத் துணி டேப்பைச் சுற்றினாள். பார்க்க ஒரே ஒரு கம்பி மாதிரி அத்தனை அழகாக இருந்தது. மூடியை மாட்டினாள். ஆனந்திடம் சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொல்லியிருக்கிறாள்?

மறுநாள் வெள்ளனே ஒத்திகை. திருமலைச்சாமியை முட்டைக்கோஸ் வயலுக்குக் கீழே உள்ள பள்ளத்துக்குப் போகச் சொல்லி அனுப்பினார்கள். தரையில் வைத்துப் பார்த்தபோது பெட்டி அவரை உடனே பிடித்தது. சௌம்யாவின் லேப்டாப் திரையில் ஒரு கோடு பனைமரம் போல நிமிர்ந்து நின்றது. பிறகு விமானம் நேராக மேலே எழும்பி, திரும்பி, பறக்க ஆரம்பித்தது. அடுத்த நொடி திரை முழுக்கக் கோரைப்புல் முளைத்ததுபோல ஆகிவிட்டது. பனைமரம் புல்லுக்குள் காணாமல் போனது.

"எதிரி பேசுறாரா?" என்று சௌம்யா கேட்டாள்.

அவள் பக்கத்திலிருந்த வாக்கி டாக்கியில் திருமலைச்சாமி குரல் கரகரவென்று வந்தது. "…போன வருசம் கோசு வெல இப்பிடியா இருந்துச்சு? மூடையோட ரோட்டுல கொட்டிட்டுல்ல வந்தோம்…"

"பேசுறாரு. நல்லாவே பேசுறாரு. ஆனா மேல போனதும் நம்ம பெட்டிக்குக் காது கேக்கல."

இறக்கினார்கள். மறுபடி தரையில் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் புல். விமானத்தைக் கட்டிப் போட்டு வைத்து மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தாள் சௌம்யா. விமானத்தின் விசிறி சுற்றியதும் புல் வளர்ந்தது, நின்றதும் அடங்கியது.

"மோட்டார் இரைச்சல் உள்ள வருது. எந்த வழியா வருதுன்னு தெரியல. புதுப் பெட்டில கோளாறா இருக்கலாம்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "செஞ்ச எடத்துக்கே, பெங்களூருக்குத்தான் சார் பெட்டிய அனுப்பணும். விசிட்ட கேன்சல் பண்ணச் சொல்லிருங்க."

சுவாமிநாதன் பெட்டியைப் பார்க்கவில்லை. ஆனந்தைப் பார்த்தார். "கம்பி போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"போட்ட பெறகு வேற யாராச்சும் கைய வச்சாங்களா?"

"இல்ல சார்."

"கனெக்டர எங்கியோ லூசா விட்டிருப்ப. பெட்டி மேல எதுக்குப் பழி? ஒன் பைய எடுத்துக்க. மத்தியான பஸ்ஸு இருக்கு."

"சார், ஒருக்கா தெறந்து பாக்குறேன் சார்…"

"நீ தொட்டது போதும்."

ஆனந்த் உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான்.

முருகம்மாள் அடுப்பருகே நின்றிருந்தாள். விசிறி சுற்றினால் புல், நின்றால் இல்லை. தடித்த சிவப்புக் கம்பி மோட்டாருக்குப் போகிறது. மெல்லிய கறுப்புக் கம்பி காது. அவை தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றாகச் சேர்த்தது அவள் கை. அதுதான் காரணமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் 'வேற யாரும் கைய வைக்கல' என்று அந்தப் பிள்ளை சொன்னது பொய் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது பொய் என்பது அவனுக்கே தெரியாது.

சும்மா இருந்தால் போதும். அவள் இத்தனை காலம் அப்படித்தான் பிழைத்தாள். சொன்னால் ஜன்னலோர ஸ்டூல் போய்விடும். மத்தியான பஸ்ஸுக்கு ஆனந்துக்குப் பதிலாக அவள் போக வேண்டியதில்லை, வீடு இங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கிட்டங்கி வாசலை மறுபடி மிதிக்க முடியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, பாலு!" என்றாள் சௌம்யா.

"அந்தக் கட்டு நான் கட்டுனது."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரல் அத்தனை சத்தமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"என்ன கட்டு?" என்றார் சுவாமிநாதன்.

"உள்ளாற… கம்பிங்க. தம்பி தனித்தனியாத்தான் போட்டிருந்துச்சு. அலங்கோலமாக் கெடந்துச்சேன்னு… பெரியவங்க வந்து பாத்தா தம்பியத் திட்டுவாங்களேன்னு… நாந்தான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி டேப்பு சுத்துனேன். தம்பிக்குத் தெரியாதுங்க. தம்பிய அனுப்பிராதீங்க சார்."

சௌம்யா ஏற்கெனவே மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கத்தரியால் கீறினாள். உள்ளே, வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பலாம் என்பதுபோல ஒரு கட்டு இருந்தது. சௌம்யா அதைப் பார்த்தாள், முருகம்மாளைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பெட்டி நல்லாருக்கு சார்! பெட்டில ஒண்ணுமே இல்ல!"

முருகம்மாளுக்கு அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடச் சிரிப்பாகத்தான் முதலில் கேட்டது. அவள் முந்தானையைத் தேடினாள். சௌம்யா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒங்களப் பாத்துச் சிரிக்கல. உசிரு திரும்பி வந்துச்சு, அதான். இங்க பாருங்க. இந்தச் செவப்புக் கம்பில கரென்ட் விட்டு விட்டு அடிச்சுக்கிட்டு ஓடும். மாவு மில்லு மாதிரி. இந்தக் கறுப்புக் கம்பி தூரத்துல ஒருத்தர் முணுமுணுக்குறதக் கேக்கணும். மாவு மில்லுக்குள்ள நின்னுக்கிட்டு, வயக்காட்டுல இருந்து கூப்புடுற ஆளு கொரலு கேக்குமா? அதான் ரெண்டையும் தள்ளித் தள்ளிப் போட்டோம். வேணும்னுதான் போட்டோம்."

"எனக்குத் தெரியாதுங்க மேடம்."

"தெரியாதுதான். எப்பிடித் தெரியும்?"

சுவாமிநாதன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு முடிச்சை நெம்பிப் பார்த்தார். நகரவில்லை. பிறகு சௌம்யாவிடம் கேட்டார்: "ஏன் பிரிச்சுப் போடுறோம்னு இவங்களுக்குச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார்."

"நீ?"

"இல்ல சார். கட்டச் சொன்னேன். ஏன்னு சொல்லல."

"நானும் சொல்லல. அப்பறம் இவங்கள என்னன்னு கேக்குறது?" அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார். "ஏலே ஆனந்து! பைய வச்சுட்டு வா. இந்த நேரத்துல எவன்டா ஊருக்குப் போவான், வேல தலைக்கு மேல கெடக்கு!"

ஆனந்த் வந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முதலில் முருகம்மாளைத்தான் பார்த்தான். கத்தரியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

மூவரும் சேர்ந்து பிரித்தார்கள். சிவப்புக் கம்பியை ஒரு ஓரத்தில் ஒரு கட்டாகவும், கறுப்பை எதிர் ஓரத்தில் ஒரு கட்டாகவும் முருகம்மாள் கட்டினாள். இரண்டும் குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில், சேர்ந்து ஓடாமல் குறுக்காக மட்டும் போக வேண்டும் என்று சௌம்யா சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். முருகம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

விமானம் மறுபடி எழும்பியது. திரையில் ஓரிரண்டு புல் அசைந்தது, பிறகு அடங்கியது. வெறும் தரை. அதில் பனைமரம் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் வரைபடத்தில் ஒரு கோடு ஊரைப் பார்த்து நீண்டது.

சௌம்யா நெற்றியைச் சுருக்கினாள். "திசை தப்பா காட்டுதே. எதிரி பள்ளத்துலல்ல இருக்கணும்?"

விமானம் சுற்றி வந்து இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு கோடு போட்டது. இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் முட்டின. ஆனந்த் வரைபடத்தில் குனிந்து பார்த்தான்.

"மேடம், இது பஸ் ஸ்டாப் டீக்கடை."

சௌம்யா வாக்கி டாக்கியை எடுத்தாள். "எதிரி அண்ணே, இப்ப எங்க இருக்கீங்க?"

"பள்ளத்துலதான் மேடம்! சொன்ன எடத்துலயேதான் நிக்கிறேன்!"

அவருக்குப் பின்னால் யாரோ, "வடை ரெண்டா மூணா?" என்று கேட்டது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

கிட்டங்கியில் எழுந்த சிரிப்பில் சுவாமிநாதனின் சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது. முருகம்மாள் வாக்கி டாக்கியை எட்டி வாங்கினாள். அதில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "என்னங்க. தப்பு உங்க மேலதான். எனக்கும் ஒரு வடை வாங்கிட்டு வாங்க."

மறுமுனையிலிருந்து திருமலைச்சாமி பயத்தோடு கேட்டார்: "ஏ புள்ள… நீயா பேசுற?"

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், டீ குடித்தார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து, வேலை தொடரட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கவுஞ்சி முகாம் மூடப்படவில்லை. ஸ்டூல் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது.

அதற்கடுத்த கிருத்திகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஆனந்த், ஒரு பெரிய டப்பா பஞ்சாமிர்தத்தை அவள் முன்னால் வைத்தான்.

"அம்மா குடுத்து விட்டாங்கக்கா. மலை மேல அபிசேகத்துக்கு வச்சு எடுத்தது."

"எதுக்கு தம்பி? தப்புப் பண்ணுனவ நானு."

"அத யாருக்கா கேட்டா? அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா, கனெக்டர நாந்தான் லூசா விட்டேன்னு நானே இந்நேரம் நம்பிருப்பேன்."

முருகம்மாள் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டியது தான்தான் என்று நினைத்தாள். அவள் தப்பைச் சொன்ன இடத்தில் அவளை ஒருவரும் வெளியே போகச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். 'ஏன்' என்பதைத் தன்னிடம் உட்கார்ந்து சொல்லலாம் என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு அவளுக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது, பரவாயில்லை, தோன்றியதே. பஞ்சாமிர்தத்தை எல்லோருக்கும் பங்கு வைத்தாள். சுவாமிநாதனுக்குச் சர்க்கரை வியாதி. "கொஞ்சமா வைம்மா" என்று கை நீட்டினார், கொஞ்சத்தைவிடக் கூடவே வாங்கிக்கொண்டார்.

இப்போது புதிதாக ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. ஆண்டெனாக் கம்பி ஒன்றுக்கு நான்காக. சௌம்யா படத்தை விரித்து, இது இங்கே, அது அங்கே என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நான்கு கம்பிகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்றாள். இறக்கை நுனியிலிருந்து வருகிற கம்பிக்கு நீளம் வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற கம்பிக்கு எதற்கு? சும்மா சுருட்டித்தானே வைக்க வேண்டும்?

முருகம்மாள் நூலைக் கீழே வைத்தாள்.

"ஏன் மேடம்?" என்றாள்.

சௌம்யா பேனாவை மூடிவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.